முட்டிக்கு ஒரு முக்காலி

ஒரு மனிதன் உட்கார ஆசைப்பட்டால் அதற்கு எத்தனை பேர் கூடிப் பேச வேண்டியிருக்கும் என்பது தொட்டிக்காரருக்கு ஐம்பத்து மூன்று வயதுவரை தெரியாது. அதுவரை அவர் ஆசைப்பட்டதில்லை. நிற்கத்தான் சம்பளம் கொடுத்தார்கள், நின்றார்.

அவர் நின்ற இடம் 'ஒரே ருசி' சாப்பாட்டுக் கடையின் பின்கட்டு. கேளிக்கைப் பூங்காவின் பெரிய வாசலைவிட்டு வெளியே வந்தால் இடது கைப்பக்கம் முதல் கட்டடம். நாள் முழுக்க ராட்டினத்தில் தலைகீழாகத் தொங்கி, தண்ணீரில் சறுக்கி, வரிசையில் நின்று காசு கொடுத்துப் பயந்து, பிள்ளையைத் தோளிலும் செருப்பைக் கையிலும் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதன் சிவப்புப் பலகைதான். 'ஒரே ருசி'க்கு நாடு முழுக்க முந்நூற்றுப் பன்னிரண்டு கிளைகள். எந்தக் கிளைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாலும் ஒரே ருசிதான் இருக்கும் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிட்டாலும் அப்படித்தான் இருந்தது. பாதிப் பேர் அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பின்கட்டில் ஆறடிக்கு ஒன்பதடியில் ஓர் அறை. இரண்டு எவர்சில்வர் தொட்டி, மேலேயிருந்து சுருள்கம்பி போட்டுத் தொங்கும் ஒரு குழாய், தரையில் சாக்கடைக்கு ஒரு கம்பிவலை. ஜன்னல் கிடையாது. எச்சில் தட்டு ஒரு சதுர ஓட்டை வழியாக உள்ளே வரும். கழுவின தட்டு இன்னொரு சதுர ஓட்டை வழியாக வெளியே போகும். நடுவில் அவர். வழித்துத் தள்ளு, பீய்ச்சு, தேய், முக்கு, அடுக்கு. பதினோரு வருஷமாக இதுதான். அதனாலேயே பெயரும் தொட்டிக்காரர் என்று ஆகிப்போனது. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

முட்டி முதலில் சாயங்காலம் மட்டும் வலித்தது. பிறகு மதியமே ஆரம்பித்தது. பிறகு காலையில் அவருக்கு முன்னால் எழுந்து அவருக்காகக் காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் இப்படியே நின்னீங்கன்னா, அப்புறம் யாரு நிக்கச் சொன்னாலும் நிக்க மாட்டீங்க. உக்காந்து பாக்கற வேலையா பாத்துக்கோங்க" என்றார். சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்தார். சக்கரம் வைத்த நாற்காலி. தொட்டிக்காரர் அதை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் மனைவி பூங்காவுக்குள் கழிப்பறை கழுவுகிறவள். பேச்சில் மட்டும் அவளுக்குக் களைப்பு வந்ததில்லை.

"எனக்குக் குந்திக் குந்தி இடுப்பு போச்சு. உங்களுக்கு நின்னு நின்னு முட்டி போச்சு," என்றாள். "ரெண்டு பேரையும் பிரிச்சு மாட்டினா ஒரு நல்ல ஆளு தேறும். மிச்சத்தைக் காயலான் கடையில போட்டுரலாம்."

அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றபடியே காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தார். மடக்கினால் நிமிர்த்த நேரமாகும் என்று வேலைநாளில் அவர் வீட்டிலும் உட்காருவதில்லை.

"ஒரு முக்காலி கேளுங்களேன். உக்காந்து தேச்சா தட்டு வெளுக்காமயா போயிரும்?"

"கேக்கலாங்கறியா?"

"கேட்டா வாயா கோணிரும்? எழுதிக் குடுங்க. இப்பத்தான் எழுதத் தெரியுமே."

எழுத்து அவருக்கு நாற்பதுக்கு மேல்தான் வந்தது. ஒவ்வோர் எழுத்தும் இன்னும் அவருக்கு ஒரு பாரம் மாதிரிதான்; குனிந்து எடுத்து, தூக்கி, பார்த்து வைக்க வேண்டும். அப்படி வைத்து வைத்து இரண்டு வரி எழுதினார். 'ஐயா, எனக்கு முட்டி வலிக்கிறது. உட்கார்ந்து கழுவ ஒரு முக்காலி வேண்டும்.' எழுதி முடித்ததும் ஒரு வண்டி தட்டு கழுவியதுபோல இருந்தது.

மேனேஜர் சின்ன வயசுக்காரர். நல்ல பையன். சிரிக்கும்போது எட்டுப் பல் தெரியும். புத்தகத்தில் எட்டு என்றுதான் போட்டிருந்தது. 'ஒரே ருசி'யில் எல்லாவற்றுக்கும் ஒரு புத்தகம் உண்டு. பச்சை அட்டை, எழுநூற்று நாற்பது பக்கம். ரொட்டிக்கு மேல் எத்தனை எள், துடைப்பத்தை எந்தப் பக்கமாகச் சாய்ப்பது, அழுகிற குழந்தையிடம் எத்தனை அடி தள்ளி நிற்பது, எல்லாம் அதில் இருந்தது.

"அண்ணே, முக்காலின்னு ஒரு சாமானே நம்ம புத்தகத்துல இல்லையே," என்றார் மேனேஜர், பக்கத்தைப் புரட்டிப் புரட்டி.

"முட்டின்னு ஏதாச்சும் போட்டிருக்கா தம்பி?"

"அதுவும் இல்லண்ணே."

கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போனது. பத்தொன்பதாம் நாள் ஓர் அதிகாரி வந்தார். கம்பெனியில் அவருக்குப் பெரிய பதவிப் பெயர் இருந்தது. இடுப்பில் எப்போதும் அளவு நாடா சொருகியிருந்ததால் கடை ஆட்கள் அவரை டேப்பு சார் என்றார்கள். வந்தவர் யாரிடமும் பேசவில்லை. தொட்டியை அளந்தார். சுவரை அளந்தார். பிறகு, "அசையாம நில்லுங்க" என்று சொல்லி, தரையிலிருந்து தொட்டிக்காரரின் முட்டிவரை அளந்து குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"நீங்க கேட்டது ஒரு முக்காலின்னு நீங்க நெனைச்சுக்கிட்டு இருக்கீங்க," என்றார். "நீங்க கேட்டது முந்நூத்திப் பன்னெண்டு முக்காலி. இங்க ஒண்ணு போட்டோம்னு வைங்க. நாளைக்கு வேற கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் போறாரு. தொட்டி ரூமை எட்டிப் பாக்கறாரு. முக்காலி இல்ல. அவரு மனசு என்ன பாடுபடும்?"

"வாடிக்கையாளருங்க தொட்டி ரூமுக்கு வரமாட்டாங்களே சார்."

"வரமாட்டாங்க. ஆனா வந்தா?"

தொட்டிக்காரர் குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டார். டேப்பு சாருக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. "கம்பெனி யாரையும் கைவிடாது. எல்லாக் கிளையிலும் விசாரிக்கறோம். உங்களுக்கு மட்டும்தான் வலிக்குதான்னு தெரிஞ்சாகணுமில்ல?"

விசாரித்தார்கள். கிளைக்கு ஒரு தாள் போனது. எந்த முட்டி, எந்த நேரத்திலிருந்து, குத்துகிறதா, இழுக்கிறதா என்று அதில் கட்டம் கட்டிக் கேட்டிருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தபோது டேப்பு சாரே நேரில் வந்தார். கடை திறப்பதற்கு முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து வாசித்தார்.

"முந்நூற்றுப் பன்னிரண்டு கிளைகளிலும் தட்டு கழுவுவோருக்கு முட்டி வலி இருப்பதாகத் தெரியவருகிறது. வலது முட்டியில் அதிகம், இடது முட்டியில் சற்றுக் குறைவு. காலையில் எழும்போதே ஆரம்பிக்கிறது. எந்தக் கிளையிலும் எந்த வேறுபாடும் இல்லை." இங்கே அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "இருபத்தாறு வருஷமா இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் பாடுபட்டோம். எள்ளை எண்ணினோம். உப்பை எண்ணினோம். யாரும் சொல்லிக் கொடுக்காம, யாரும் அளந்து பாக்காம, இந்த வலி முந்நூத்திப் பன்னெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி வந்திருக்கு பாருங்க, இதுதான் தரம்!"

புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் முதல் விதி அதுதான்: எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி இருப்பது எதுவோ அது தரம். ஆகவே இந்தக் கிளையின் முட்டி வலி நிர்ணயித்த தரத்தில் இருப்பதாகவும், மேல் நடவடிக்கை தேவையில்லை என்றும் முடிவானது. சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள். சட்டம் போட்டுத் தொட்டிக்கு மேல் மாட்டினார்கள். நாலே நாளில் சுடுதண்ணீர் ஆவியில் அது சுருண்டுகொண்டது.

அடுப்பைப் பார்த்துக்கொள்கிற அக்கா சதுர ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, "வலி கொறஞ்சா சொல்லிருங்கண்ணே. தரம் கெட்டுப் போயிரும், வேலை போயிரும்" என்றாள்.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த மாதம்தான் வாசலுக்கு வலது கைப்பக்கம் 'மூழ்கிய கப்பல்' திறந்தது.

அது சாப்பாட்டுக் கடைதான். பார்த்தால் தெரியாது. கட்டடத்தின் பாதி மண்ணுக்குள் சாய்ந்து கிடந்தது. உள்ளே பச்சை விளக்கு. தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் செத்துப்போன மாலுமிகள். "என்ன வேணும்?" என்று கேட்க மாட்டார்கள். "நூறு வருஷமாச்சு ஒருத்தர் வந்து..." என்று இழுப்பார்கள். அதற்குள் பிள்ளைகள் வீறிட்டு அழும். அழுத பிள்ளைகள் மறுபடி போகலாம் என்று அடம்பிடிக்கும்.

பூங்கா வாசலில் தினமும் குடும்பங்கள் இரண்டாகப் பிளந்தன. "தெரிஞ்ச கடை. வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது," என்று அப்பா இடது பக்கம் இழுப்பார். பிள்ளை வலது பக்கம் இழுக்கும். அம்மா, எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று நடுவில் நிற்பாள். கடைசியில் பிள்ளைதான் ஜெயித்தது.

இரண்டு கடைக்கும் உறைந்த பொட்டலம் கொண்டுவருவது ஒரே வண்டி என்பது தொட்டிக்காரருக்குத் தெரியும். வண்டிக்காரர் இந்தப் பின்வாசலில் பத்துப் பெட்டி இறக்கிவிட்டு, அந்தப் பின்வாசலில் பத்துப் பெட்டி இறக்குவார்.

"இங்க இது உருளைக்கிழங்கு வறுவல்ணே," என்றார் வண்டிக்காரர். "ரோட்டைத் தாண்டினா கப்பல் பலகைச் சிராய். நான் ரெண்டுக்கும் ஒரே கையெழுத்துதான் வாங்கறேன்."

"ருசி?"

"இருட்டுல தின்னா எது ருசியில்லாம போகும்?"

அங்கே தட்டு கழுவ ஆள் கேட்கிறார்கள் என்றும் வண்டிக்காரர்தான் சொன்னார். கதை போட்டு நடத்துகிற கடை ஆயிற்றே, கதையில் ஒரு முக்காலிக்கா இடம் இருக்காது என்று தொட்டிக்காரர் யோசித்தார். ஒரு திங்கட்கிழமை, பூங்காவுக்கு விடுமுறை நாளில், ரோட்டைத் தாண்டினார்.

அந்தக் கடையின் கதையை எழுதினவரே ஆளையும் எடுத்தார். கதை சார் என்று அவரைச் சொன்னார்கள். கழுத்தில் துண்டு, காலில் செருப்பு இல்லை. "ஏன் இங்க வர்றீங்க?" என்று கேட்டார். தொட்டிக்காரர் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்து, பதிலுக்கு முன்னால் ஒரு பெருமூச்சு விட்டார்.

கதை சார் எழுந்து நின்றுவிட்டார். "மறுபடி விடுங்க!"

விட்டார்.

"இது பயிற்சியில வராது," என்றார் கதை சார், பக்கத்தில் இருந்தவரிடம். "நாடகப் பள்ளியிலேர்ந்து நாலு பேரை எடுத்தேன், ஒருத்தனுக்கும் இது வரல. இதுல ஒரு கப்பலே முழுகுது பாருங்க."

அன்றே வேலை கிடைத்தது. கப்பலில் தொட்டி, வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. கப்பலோடு முழுகிய சமையல்காரனின் ஆவி நூறு வருஷமாகத் தட்டு கழுவிக்கொண்டிருப்பதாகக் கதை. தரையைத் தொடும் வெள்ளை அங்கி கொடுத்தார்கள். பத்தாவது தட்டுக்குள் அது நனைந்து காலில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வோர் ஐந்து நிமிஷத்துக்கும் ஒரு பெருமூச்சு விட வேண்டும். அதில் மட்டும் அவருக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்து முக்காலியைக் கேட்டார்.

கதை சார் கோபப்படவில்லை. தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "அண்ணே, நீங்க யாரு?"

"தொட்டி..."

"இல்ல. நீங்க ஆவி. ஆவிக்குக் கால் உண்டா?"

தொட்டிக்காரர் யோசித்தார். சின்ன வயசிலிருந்து கேட்ட கதையெல்லாம் அப்படித்தான். "கிடையாதுங்க."

"காலே கிடையாது. அப்புறம் முட்டி ஏது? முட்டி இல்லாம வலி ஏது? நீங்க முக்காலியில உக்காந்தீங்கன்னா, பாக்கறவன் 'அட, இதுக்குக் கால் இருக்கு'ம்பான். அந்த நிமிஷம் கப்பல் கரைக்கு வந்துரும். உள்ள சாப்பிடற எண்பது பேரோட நம்பிக்கை உங்க முட்டியில நிக்குதுண்ணே."

தொட்டிக்காரர் குனிந்து பார்த்தார். அங்கி தரைவரை தொங்கியது. கால் தெரியவில்லை. வலி மட்டும் இருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி குனிந்து அவர் காலைப் பார்த்தாள். பிறகு, "அங்க வலி தரத்துல இருக்குன்னாங்க. இங்க காலே இல்லைன்னுட்டாங்க," என்றாள். "இன்னும் ஒரு கடை மாறினீங்கன்னா ஆளே இல்லைன்னுருவாங்க. பாத்துப் போங்க."

கப்பல் நன்றாக ஓடியது. கதை ஓடினால் பணம் வைத்திருப்பவர்களுக்குச் சும்மா இருக்க முடியாது. ஒரு வருஷத்துக்குள் வேறு வேறு பூங்கா வாசல்களில் நாற்பது கப்பல் முழுகியது. நாற்பதும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே ஆழத்தில் முழுக வேண்டும் என்பதால் அதற்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. புத்தகம் என்றால் அளக்க ஆள் வேண்டும். ஒரு நாள் வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சை வெளிச்சத்தில் தெரிந்த முகத்தைத் தொட்டிக்காரர் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. இடுப்பைப் பார்த்தார். டேப்பு சார்.

"கூப்பிட்டாங்க, வந்துட்டேன்," என்றார் டேப்பு சார், கொஞ்சம் வெட்கத்தோடு. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ம், விடுங்க" என்றார்.

நாற்பது கப்பலிலும் பெருமூச்சு நாலு விநாடி என்று முடிவாகியிருந்தது. தொட்டிக்காரருடையது ஐந்தரை இருந்தது. எழுத்தில் எச்சரிக்கை வந்தது. 'தாங்கள் விடுவது நிஜப் பெருமூச்சாக இருப்பதால் நேரம் கூடுகிறது. நிஜத்தைக் குறைத்துக்கொள்ளவும்.' எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு அவர் ஒன்று விட்டார். அது ஏழு விநாடி இருக்கும்.

இதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் 'ஒரே ருசி'யில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பழைய மேனேஜர், எட்டுப் பல்லும் மூடிய முகத்தோடு, கப்பலின் பின்பக்கம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, வந்துருங்க. நம்ம கடையும் கதை கடை ஆயிருச்சு. உங்களுக்கு முக்காலி வந்திருக்கு."

"நெசமாவா தம்பி?"

"என் கண்ணால பாத்தேன். புத்தகத்துலயே ஏத்திட்டாங்க. எழுநூத்தி நாப்பத்தோராம் பக்கம்."

தொட்டிக்காரர் அங்கியை அங்கேயே கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வந்தார்.

மேனேஜர் பொய் சொல்லவில்லை. பின்கட்டுச் சுவரை இடித்து முழுசாகக் கண்ணாடி வைத்திருந்தார்கள். உள்ளே அதே இரண்டு தொட்டி, அதே சுருள்கம்பிக் குழாய். மூலையில் ஒரு முக்காலி. தேக்கு. மெருகு போட்டு முகம் தெரியும்படி இருந்தது. சுற்றிலும் சின்னச் சின்னக் கம்பம் நட்டுச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கண்ணாடிக்கு மேலே பலகை: 'உண்மையான கடை. உண்மையான மனிதர். உண்மையான களைப்பு.'

"கயிறு எதுக்கு?" என்று கேட்டார் தொட்டிக்காரர்.

பின்னாலிருந்து பதில் வந்தது. "உக்காந்துரக் கூடாதுன்னுதான்." டேப்பு சார். இரண்டு கம்பெனியும் அவரை வாரத்துக்கு மூன்று நாளாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

"அப்ப முக்காலி எதுக்கு சார்?"

டேப்பு சார் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, காலி மேசைகளுக்குக் கேட்கும்படி பேசினார். "கப்பல்ல என்ன காட்டறான்? பொய். சாவாத ஆளைச் செத்தவன்னு காட்டறான். நாம நெசத்தைக் காட்டறோம். நாள் பூரா பூங்காவுல அலைஞ்சு கால் வீங்கி ஒருத்தன் உள்ள வர்றான். உக்கார்றான். எதிரே பாத்தா அவனைவிட அலுத்துப்போன ஒரு மனுஷன் நிக்கிறாரு. உக்கார எடம் இருக்கு, ஆனா உக்காரல. அப்பத்தான் வர்றவனுக்குத் தான் உக்காந்திருக்கிறது சுகமாத் தெரியும். நாற்காலியை மெத்தை வச்சு மாத்தணும்னா எவ்வளவு செலவு! உங்களை நிக்க வச்சாப் போதும். அந்த முக்காலி இல்லைன்னா நீங்க சும்மா நிக்கிற ஆளு. அது இருந்தாத்தான் நீங்க கதை."

"நான் ஒரு தடவை உக்காந்துட்டா?"

"களைப்பு தீந்துருமே! அப்புறம் எதைக் காட்டறது?"

கூட்டம் வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்து மேசைக்கு ஓடினார்கள். காகிதக் கிரீடம் வைத்த ஒரு சின்னப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, "அந்தத் தாத்தா ஏம்ப்பா உக்காரல?" என்று கேட்டாள். "அவருக்குப் பழகிப்போச்சும்மா. நீ சாப்பிடு," என்றார் அப்பா, காலை நீட்டிக்கொண்டு.

நாற்பத்து மூன்று நாள் பொறுத்தார். நாற்பத்து நாலாம் நாள் மதியம், ஒரு கை நிறையத் தட்டோடு திரும்பும்போது வலது முட்டி அவரைக் கேட்காமல் மடிந்தது. விழாமல் இருக்கக் கயிற்றைப் பிடித்தார். கம்பம் சாய்ந்தது. கண்ணைத் திறந்தபோது முக்காலிமேல் உட்கார்ந்திருந்தார்.

கடையில் எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். வேலை போயிற்று என்று அவர் நினைத்தார். போனால் போகட்டும், இன்னும் ஒரு நிமிஷம் இப்படியே இருந்துவிட்டுப் போகலாம் என்றும் நினைத்தார். அப்போது யாரோ கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஓர் அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. இனி ஒவ்வொரு நாளும் மதியம் ஒரு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தட்டு கழுவுபவர் உட்காருவார். நாற்பது விநாடி. மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு கிளைக்கும் கண்ணாடி, முக்காலி, மணி எல்லாம் போனது.

நாற்பது விநாடி உட்காருவது உட்காராமல் இருப்பதைவிட மோசம் என்று தொட்டிக்காரருக்குத் தெரிய மூன்று நாள் ஆனது. மடங்கிய முட்டி, 'அப்பாடா' என்று சொல்ல வாயெடுக்கும்போது மணி அடிக்கும். சில சமயம் அவர் மற்ற முந்நூற்றுப் பதினோரு பேரை நினைத்துக்கொள்வார். அவர்கள் முகம் தெரியாது, ஊர் தெரியாது. முட்டி மட்டும் தெரியும். தாளில் கட்டம் கட்டி எழுதியிருந்ததே. இந்த நேரத்தில் அவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். இதோ எழுந்திருக்கிறார்கள்.

நாலாவது மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தார். மணி அடித்தது. அவர் எழவில்லை.

மேனேஜர் கண்ணாடியைத் தட்டினார். "அண்ணே, எந்திரிங்க."

"நானும் அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன் தம்பி. அது கேக்க மாட்டேங்குது."

"யாரு?"

தொட்டிக்காரர் முட்டியைக் காட்டினார்.

மேனேஜர் ஆள் கூப்பிடப் போனார். அதற்குள் அவர் அறையில் தொலைபேசி அடித்தது. எண்பத்தேழாம் கிளை. "உங்க ஆளு எந்திரிச்சாரா? எங்க ஆளு எந்திரிக்க மாட்டேங்கறாரு." வைப்பதற்குள் இருநூற்று நாலாம் கிளை. பிறகு ஒன்பதாம் கிளை. இரண்டு மணிக்குள் எல்லாக் கிளைகளிலிருந்தும் செய்தி வந்துவிட்டது. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒரே தரை, ஒரே தொட்டி, ஒரே உயரம், ஒரே மணி. கம்பெனி இருபத்தேழு வருஷமாகப் பாடுபட்டு எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கியிருந்தது. முட்டிகளும் ஒரே நாளில் கைவிட்டன.

அடுப்பு அக்கா எட்டிப் பார்த்து, "முட்டிங்க எல்லாம் சேந்து சங்கம் வச்சிருச்சு போல" என்றாள்.

டேப்பு சார் வந்து சேரும்போது மாலை ஆகியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். உட்கார்ந்த ஆள் எழாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று ஐந்நூற்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஆனால் ஆறாம் பக்கத்தைத் தாண்டி ஐந்நூற்று மூன்றுக்குப் போக முடியாது. எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி இருப்பது எதுவோ அது தரம். எல்லாக் கிளையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தப்புன்னு சொன்னா முந்நூத்திப் பன்னெண்டு கிளையும் தரமில்லைன்னு ஆயிரும்," என்றார், யாருக்கோ சொல்வதுபோல. நெடுநேரம் நின்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்தார். நாடாவை இடுப்பிலிருந்து உருவி, முக்காலியிலிருந்து தொட்டிக்காரரின் உச்சந்தலைவரை அளந்து குறித்துக்கொண்டார். எதற்கு என்று தொட்டிக்காரர் கேட்கவில்லை. அவர் அப்போது உலகத்தில் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. உட்கார்ந்திருந்தார்.

சுற்றறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. தட்டு கழுவுவோர் இனி வேலை நேரம் முழுவதும் உட்கார்ந்தே இருக்க வேண்டும், எழுவது தரக்குறைவு. அதோடு, உட்கார்ந்தவரின் முகத்தைத் தொட்டி மறைப்பதாக வாடிக்கையாளர்கள் புகார் சொல்வதால், தொட்டிகளை முகம் கீழே தெரியும் அளவுக்கு உயர்த்தி மாட்ட உத்தரவு. மாட்டினார்கள். தொட்டியின் விளிம்பு தொட்டிக்காரரின் உச்சந்தலைக்கு நாலு விரல்கடை மேலே வந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல், தடவித் தடவித் தேய்க்க வேண்டும். சோப்புத் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி அக்குளுக்குள் ஓடி, இடுப்பில் போய்த் தேங்கியது.

இரண்டு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை, அவர் வீட்டில் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். முட்டியில் அவ்வளவாக வலி இல்லை. தட்டு முன்னால் இருந்தது. கையைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோக முடியாததால் குனிந்து வாயைக் கைக்குக் கொண்டுபோனார்.

மனைவி பின்னால் குந்தி அவர் தோளில் தைலம் தேய்த்தாள். கட்டை விரலால் அழுத்தினாள். அவர் முனகினார்.

"ரெண்டு தோளுமா?"

"வலது அதிகம். இடது கொஞ்சம் கம்மி."

"எழுதிக் குடுக்க வேண்டியதுதானே? தொட்டியை எறக்கச் சொல்லி?"

தொட்டிக்காரர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"பொறு," என்றார். "முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கும் வரட்டும்."